நாலாவது வெளிச்சம்

ஐம்பத்து மூன்று மணி நேரம். தாமிரபரணி வெள்ளத்துக்கு நடுவே, ஒரு செங்கல்சூளை மேட்டில் எஸ்றா அவ்வளவு நேரம் மாட்டிக் கிடந்தான். என்னோடு படித்த பெர்சிஸின் அண்ணன்தான் எஸ்றா. ஆயுதப்படைக் காவலர். கிட்ட வாருங்கள்... இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

அந்த மார்கழி வெள்ளத்தில் வயலெல்லாம் கடல். மேடுகள் மட்டும் தீவுதீவாக நின்றன. தீவுக்கு நாலு காவலர். தப்பி வரும் ஜனங்களைப் படகேற்றிவிடும் வேலை. உவரியிலிருந்து லாரியில் வந்த ஃபைபர் படகுதான் தீவுகளுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டு போனது. பகலெல்லாம் ஜனங்களுக்கு. காவலர் முறை நடுச்சாமத்தில். ஆள் ஏற்ற மட்டும் படகு கயிறு கட்டிக் கரைக்கு வரும். மற்றபடி ஓட்டுகிற கித்தேரியான் தூரத்தில் நின்று விசிலடிப்பார். தீவில் எத்தனை பேரோ, அத்தனை தடவை டார்ச் மின்ன வேண்டும். அத்தனை பொட்டலம் பறந்து வரும்.

முதல் ராத்திரி. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். கீழே, தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நின்றவர்கள் எஸ்றாவும் கூட்டாளிக் காவலன் முத்துமாலையும். எஸ்றா மட்டும் மேட்டுக்குத் திரும்பினான்.

"முத்துமாலைக்குக் காய்ச்சல், ஏட்டையா. படகுலயே அனுப்பிட்டேன்."

ஏட்டு ஆவுடைநாயகம் நம்பினார். நாலாவது காவலன் முஆத்தும் நம்பினான்.

இரண்டாம் ராத்திரி. விசில்... எஸ்றா மூன்று தடவை மின்னினான். நாலு பொட்டலம் வந்து விழுந்தது.

"மூணு பேருக்கு நாலா, வே?" என்று கத்தினார் ஏட்டு.

"நாலு தடவ மின்னுச்சுல்லா! பசியில எண்ணிக்கை மறந்து போச்சோ?"

இருட்டில் கித்தேரியானின் சிரிப்பு. மோட்டார் சத்தம் தேய்ந்தது. எஸ்றாவின் முதுகுக்குப் பின்னால் கோடாலித் தைலம் மணத்தது. முத்துமாலை தலைவலிக்குத் தேய்ப்பது.

விடிந்ததும் நாலாவது பொட்டலத்தைப் பிரித்தார்கள். கட்டிய நூல் கட்டியபடி. உள்ளே இட்லி இல்லை. ஈர வண்டல்.

மூன்றாம் ராத்திரி. மேட்டில் கணுக்கால் தண்ணீர். விசில் கேட்டது. எஸ்றா டார்ச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆனாலும் படகு, அவர்களை ஏற்றிப் போக நேராகக் கரைக்கே வந்தது. கடைசியாக ஏறிய முஆத், மேட்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் ஏறினான்.

கித்தேரியான் மோட்டாரைக் கிளப்பவில்லை.

"இன்னொரு ஆளு எங்க? இன்னைக்கும் நாலுதான மின்னுச்சு?"

"மூணுதான் வே. முத்துமாலை முந்தாநாளே உம்ம படகுல வந்துட்டாம்லா."

"எம் படகுலயா? பொம்பளையளும் பிள்ளையளும்தான் வந்தாவ, ஏட்டையா. காக்கிச்சட்டை ஒண்ணுகூட ஏறல."

முஆத் கயிற்றை இழுத்தான். வரவில்லை. அவிழ்த்த கயிறு... இருட்டுக்குள் விறைத்து நின்றது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே தண்ணீர் ஏறியது. தைல வாசனை.

"அறுத்து விடுலே!" என்றார் ஏட்டு.

எஸ்றா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அறுக்காதீங்க... அன்னைக்கும் இப்படித்தான் கயித்தப் பிடிச்சிட்டு, கழுத்தளவு தண்ணியில நின்னான். 'கையக் குடுலே எஸ்றா'ன்னான். என்னையும் இழுத்துட்டுப் போயிருவான்னு பயந்து... நான் குடுக்கல, ஏட்டையா."