போதும் என்று சொல்லும் போர்டு

கடை போர்டில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். நான் கேட்டது இவ்வளவுதான். அதை மட்டும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்று அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

சாமிநாதன் சார், நீங்கள் என் அண்ணனுக்கு வக்கீல். ரவிக்குமாரை எப்படி வெளியே கொண்டுவருவது என்று பேசத்தான் என்னை வரச் சொன்னீர்கள். பேசலாம். அதற்கு முன் நான் சொல்வதை நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். பேனாவை மூடி வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எலெக்ட்ரிக் பைக் பேட்டரி என்றால் ரவிதான் என்பார்கள். டெலிவரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சார்ஜர் பின் கருகியிருக்கும், ஒயர் விட்டுப் போயிருக்கும், சார்ஜ் ஏறாது. அண்ணன் வாசலில் நின்று வாங்கிக்கொள்வான். "நாளைக்கு வா மச்சா, பண்ணி வெக்கிறேன்" என்பான். உள்ளே வந்து என்னிடம் கொடுப்பான். நான் சமையல் மேடையைத் துடைத்துவிட்டு, பிரித்து, ஒயரை ஈயத்தால் பற்றவைத்து, மூடி, மேலே மஞ்சள் டேப் சுற்றிக் கொடுப்பேன். மஞ்சள் டேப் என் அடையாளம். கடையில் கறுப்பு டேப்தான் சுலபமாகக் கிடைக்கும். நான் தேடி மஞ்சள் வாங்குவேன். அது எதற்கென்று அண்ணனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

நான் பி.இ. எலெக்ட்ரிகல். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். பொம்மசந்திராவில் ஒரு பேட்டரி கம்பெனியில் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாது. ஆனால் அவன் பத்தாவதோடு நின்று ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். அப்பா இளங்கோவன் எங்களுக்கு விட்டுப்போனது இனிஷியல் மட்டும்தான். இதையெல்லாம் அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்துவாள். பொய்யில்லை. பொய்யாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். உண்மையாக இருப்பதால் கோபத்தை வைக்க இடமில்லாமல் போனது.

அம்மா சின்னத்தாயி ஆஸ்பத்திரியில் ஆயா. கெட்டவள் இல்லை. "பொண்ணு கரண்டு வேலை பாக்குதுன்னு தெரிஞ்சா எவன்டி பேட்டரிய நம்பி வுட்டுட்டுப் போவான்? நாளைக்கு உன்னப் பாக்க வர்றவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்பாள். அவள் கணக்கில் அது நியாயம்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாகேஷ், தன் கடையில் பாதியை அண்ணனுக்கு ஒதுக்கித் தந்தார். 'ரவி இ.வி. ஒர்க்ஸ்' என்று போர்டு எழுதக் கொடுப்பதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் நான் கேட்டேன்.

"என் பேரையும் போடு. கீழ சின்னதா போட்டாலும் பரவால்ல. இ. சோனியா, பி.இ.ன்னு."

அண்ணன் சிரித்தான். "பாப்பா, இது கடை போர்டுமா, கல்யாணப் பத்திரிகை இல்ல."

நாகேஷும் சேர்ந்துகொண்டார். "சும்னிரு, பேசாம இரு சோனியா. உன் பேர உன் புருஷன் வீட்டு கேட்ல போட்டுக்கலாம்."

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் போன பிறகு, "இதக் கேக்காதன்னு சொன்னனா இல்லியா?" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை நாகேஷ் வண்டியின் பேட்டரி என் கைக்கு வந்தது. பாதிக்கு மேல் ஏறவில்லை என்று புகார். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் கையகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும், சார். உள்ளே இருக்கும் செல்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்று நிறைந்தாலும் ஒன்று சூடானாலும் போதும் என்று கரண்டை நிறுத்திவிடும். அதற்கு வேறு வேலை இல்லை. நாகேஷின் பேட்டரியில் ஒரு வரிசை செல்கள் கெட்டுப்போயிருந்தன. போர்டு நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததால்தான் பாதியில் நிறுத்தியது. செல்லை மாற்ற வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் அந்த போர்டைத் தாண்டிப் போகும்படி ஒயரை மாற்றிப் போட்டேன். இனி அது போதும் என்று சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது. மூடி, மஞ்சள் டேப் சுற்றினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை காலை கடை திறப்பு. முதல் போணி நாகேஷின் பேட்டரி. எல்லார் முன்னாலும் அதை சார்ஜில் போடுவதாக ஏற்பாடு. அது வீங்கும், நாறும், கொஞ்சம் புகையும். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். நான் போய் பிளக்கைப் பிடுங்கி, என்ன கோளாறு என்று எடுத்துச் சொல்வேன். அப்போது தெருவுக்குத் தெரியும். இவ்வளவுதான் என் திட்டம். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்று நினைத்தேன்.

நாகேஷ் வரத் தாமதமானது. சிந்தியா வந்தாள்.

சிந்தியா எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறாள். ஓட்டினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினாள்.

"ரவி அண்ணா, பாதி ரோட்ல கவுத்துட்டான் அண்ணா இவன், பேட்டரி போச்சு. மத்தியான ஆர்டர் போச்சுன்னா என் ரேட்டிங் காலி."

அண்ணன் யோசிக்கவே இல்லை. மேஜைமேல் இருந்த நாகேஷின் பேட்டரியை எடுத்துக் கொடுத்தான். "உன் மாடல்தான். இதப் போட்டு ஓட்டு. மத்தியானம் வூட்ல ஃபுல் சார்ஜ் ஏத்தி சாயங்காலம் குடு. நாகேஷ் கிட்ட நான் சொல்லிக்கிறேன்." டெலிவரி ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அதில் அதிசயம் இல்லை.

நான் கேசரித் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். சிந்தியா ஒரு கை கேசரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரவி அண்ணன் கை வெச்சா செத்த வண்டிகூட எந்திரிச்சு ஓடும்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். ஓட்டும்போது ஒன்றும் ஆகாது, சார்ஜில் போட்டால்தான் ஆபத்து, மதியம்வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அண்ணன் பெயரையே சொல்லிவிட்டாளே என்றும் நினைத்தேன்.

இரண்டு பத்துக்கு என் போனுக்கு மெசேஜ் வந்தது. வரிக்கு வரி மனப்பாடம். "சார்ஜ் போட்டுட்டேன்டி. பாதியில நிக்குதுன்னு நாகேஷ் பொலம்பினாரே, சும்மா கிடுகிடுன்னு ஏறுது. மஞ்ச டேப்பப் பாத்தேன். நீ பண்ணதுதானே? எல்லார் முன்னாடியும் அண்ணன் பேரச் சொல்லிட்டேன், கோச்சிக்காத. தூங்கப் போறேன்."

திரும்பத் திரும்பப் படித்தேன். நான் செய்த வேலையை நான் செய்தது என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பதில் போட்டேன். "ஆமா. நான்தான்."

பிளக்கைப் பிடுங்கு என்று போட்டிருக்கலாம். அதுவும் இரண்டே வார்த்தைதான். போட்டிருந்தால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் அந்த மெசேஜுக்கு அப்புறம் அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். தட்டுகளைக் கழுவினேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. அவள் வீடு ஒரே அறை. பேட்டரியைக் கதவோரம் வைத்துத்தான் சார்ஜ் போடுவாள். தனியாகத் தூங்குகிறாள் என்பதால் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கதவை உடைத்தது என் அண்ணன். அவன் கைகள் வெந்தது அதனால்தான். பேட்டரியைத் தப்பாகக் கையாண்டதால் என்று போலீஸில் எழுதியிருக்கிறார்களாம். அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

நானும் ஒன்றைத் திருத்த வேண்டும். கொஞ்சம் புகையும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகச் சொன்னேன். பொம்மசந்திராவில் நான் இருந்தது டெஸ்டிங்கில், சார். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, போர்டு வேலை செய்யாத பேட்டரி எத்தனை நிமிஷத்தில் தீப்பிடிக்கிறது என்று குறித்துக்கொள்வதுதான் என் வேலை. கெட்ட செல் இருந்தால் முக்கால் மணிக்கு மேல் போனதில்லை. ஒன்றுகூட வெறும் புகையோடு நின்றதில்லை. இரண்டு பத்துக்கு அந்த மெசேஜைப் படித்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சனிக்கிழமை அடக்கம். சிந்தியாவின் அம்மா மௌரீன் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "உன் பேரச் சொல்லாத நாள் இல்லடி அவ. சோனியாவுக்குத்தான் மூளை, சோனியாவுக்குத்தான் மூளைன்னு." அத்தனை பேர் முன்னால் சொன்னாள். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ராத்திரி பகல் என்றில்லாமல் போனை எடுத்துப் பார்க்கிறேன். அவள் என் பதிலைப் படிக்கவில்லை. அதற்குள் தூங்கிவிட்டாள்.

நேற்று அண்ணனைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் போலீஸ்காரர். இரண்டு கையிலும் கட்டு. குனியச் சொல்லிக் காதோடு பேசினான். "மஞ்ச டேப்பு உன் அடையாளம்னு எனக்கு எப்பவோ தெரியும் பாப்பா. வாய மூடிக்கினு இரு. நாந்தான் பண்ணேன்னு சொல்லிட்டேன். நீ படிச்ச பொண்ணு." கட்டுப் பிரித்ததும் அவனிடம் கையெழுத்து வாங்குவார்களாம்.

நீங்களும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறீர்கள். புரிகிறது. விபத்து என்று முடித்துவிடலாம், போனில் இருப்பதை அழித்துவிடு என்பீர்கள். நான் அழிக்கவில்லை. அழிக்கப் போவதும் இல்லை.

கிளம்புகிறேன், சார். வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்வாள், முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள். வரட்டும். ஸ்டேஷன் இரண்டு தெருதான், நடந்தே போய்விடுவேன். அண்ணனைக் காப்பாற்றத்தான் போகிறேன். வேறு எதற்கும் இல்லை. எழுதுகிறவர் எழுதி முடித்ததும் வாங்கி, இ. சோனியா, பி.இ. என்று பிழையில்லாமல் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இதையும் அவன் பெயரில் விட முடியாது.