வீடியோ விளக்குக்கு ஒரு நன்றியுரை

தாமதமாக வந்தாலும் தாராளமாகப் பேசிய தலைமையாசிரியர் அவர்களே, செந்துறையிலிருந்து வந்து சிறப்பித்த சிறப்பு விருந்தினர் அமிர்தலிங்கம் ஐயா அவர்களே, பெரம்பலூர் தந்த நடுவர் அரியமுத்து சார் அவர்களே, காலை முதல் காத்திருக்கும் தாய்மார்களே, பதினோராம் வகுப்பு ஃபஹ்மிதாவின் பணிவான வணக்கம்.

இந்த அறிவியல் கண்காட்சிக்கு நன்றி சொல்ல என்னை அழைத்தார்கள். நன்றாகவே சொல்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. அதையே துளி அளவில் மருந்தாக்கலாமா என்று ஆராய்கிறார்கள். உலோகத்தோடு பிணைத்து நீரில் கரைத்தால் இருட்டில் அடங்கிக் கிடக்கும். ஒளி பட்டால் வாயுவை விட்டுவிடும். எங்கே நோயோ அங்கே ஒளி, எங்கே ஒளியோ அங்கே மருந்து.

பின்வரிசையில் ஓர் அண்ணன், "வெசத்தயா கொண்டாந்தீங்க?" என்கிறார். அண்ணே, நீங்கள் வந்த பஸ்ஸின் புகையில் இதைவிட அதிகம் இருக்கும்.

திருச்சியில் இதை ஆராய்ச்சி செய்யும் தன் சித்தி கொடுத்த இரண்டு கரைசல் குப்பிகளைக் கறுப்புத் தாளில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தாள் என் தோழி ஆர்த்தி. காலையில் விழாவைப் படமெடுக்க வந்தார் வீடியோ அழகேசன் அண்ணன்.

"அண்ணே, லைட்டு போடாதீங்க. வெளிச்சம் பட்டா கெட்டுரும்" என்றாள் ஆர்த்தி.

"இருட்டுல எடுத்தா கேசட்டுல என்ன பாப்பா தெரியும்? ஐயா மொகம் விழ வேணாமா?"

முகம் விழுந்தது. அமிர்தலிங்கம் ஐயா ஒரு குப்பியின் தாளைப் பிரித்து உயர்த்தியது முதல் அவருக்குப் பொன்னாடை போர்த்தும் வரை ஒளி வெள்ளம். போதாதென்று ஐயா மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார். "ஒரு வாசனயும் இல்லியேம்மா" என்றார். மணமில்லாத வாயுவில் மணம் தேடிய அந்த மூக்குக்கு நன்றி. இருந்த வாயு மொத்தமும் அப்போதே போயிற்று.

மாலையில் நடுவர் வந்தார். வாயு பட்டால் கறுக்கும் சோதனைத் தாளை அதே குப்பிக்குள் தொங்கவிட்டோம், விளக்கைக் காட்டினோம். தாள் வெளுப்பாகவே இருந்தது. "தண்ணிய வச்சிக்கிட்டு கதை விடுறீங்களா?" என்றார். மாநிலக் கண்காட்சிக்குச் சென்னை செல்லும் வாய்ப்பு போயிற்று. ஏமாற்றுக்காரி என்ற பெயர் மட்டும் ஆர்த்திக்கு மிஞ்சியது. சார், வெளிச்சம் செய்த பிழைக்கு அவளா பொறுப்பு? மாலை மரியாதை செய்த பிழைக்கு மாணவியா பொறுப்பு?

இரண்டாவது குப்பி பிரிக்கப்படாமல் இருக்கிறது. எல்லா மேடையிலும் வெளிச்சம் கேட்பார்கள்; நான் இருட்டுக் கேட்கிறேன். ஜன்னலைச் சாத்துங்கள். டியூப்லைட்டை அணையுங்கள். அழகேசன் அண்ணே, உங்களுடையதையும்தான்.

நன்றி. ஆர்த்தி, கறுப்புத் தாளைப் பிரி, சோதனைத் தாளைத் தொங்கவிட்டு மூடு. நடுவர் சார், மேசை விளக்கின் சுவிட்சை நீங்களே போடுங்கள்.

பொறுங்கள், தாய்மார்களே. கொஞ்சம் பொறுங்கள்.

சார், தலையாட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. மைக்கில் சொல்லுங்கள்.

"கறுத்துருச்சும்மா. அந்தப் பொண்ணு சென்னைக்கி வரட்டும்."

கேட்டீர்களா? ஆர்த்திக்கும் கேட்டுவிட்டது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். நாமும் பார்க்காதது போலவே கைதட்டுவோம். வந்தோர் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.