ஏழாம் எண் பீம்

நான் கட்டிக்கொடுத்த வீடுகளில் மழைக்காலத்தில்கூட ஒரு கதவு இறுகியதில்லை. சங்கரன்கோவிலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆறுமுகச்சாமி இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட படம் என்றால் இருபத்தாறு வருடமாக யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் மேடம் நிதானமாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது.

முபஷ்ஷிரா என் ஆபீசுக்கு வந்தது போன ஆடியில். கணவன் சித்தீக்குக்கு சவூதியில், தம்மாமில் வேலை. மாமியார் ஆமினாளோடும் ஆறு வயது மகள் ஷிரின் பானுவோடும் வாடகை வீட்டில் இருந்தாள். புளியங்குடி சாலையில் மனை வாங்கியிருந்தார்கள். வீட்டை அவளே லேப்டாப்பில் வரைந்துவிட்டாளாம். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

அந்த சாப்ட்வேர் என்னிடமும் இருக்கிறது. சோபாவை இழுத்து இழுத்து வைத்துப் பார்க்கவும், சுவருக்கு எந்தப் பச்சை பொருந்தும் என்று பார்க்கவும் செய்த சமாசாரம். அதன் ஓரத்தில் எடைக் கணக்குப் போடுகிற பகுதியும் உண்டு. தளத்தின் எடை, சுவரின் எடை, புழங்குகிற ஆட்கள், சாமான்களின் எடை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், எந்த பீமுக்கு எத்தனை கம்பி என்று சொல்லும். நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்ததை அவள் சமையல் முடிந்த மத்தியானங்களில் வீடியோ பார்த்தே படித்திருக்கிறாள்.

அவள் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் வழியில் ஒன்று போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்தாள். கொத்தனார் வெள்ளத்துரை அப்போது என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“சார், ஏழாம் நம்பர் பீம்ல மேல்தொட்டி வெயிட்டு சேரலை போல இருக்கு. என் கணக்குல நிக்க மாட்டேங்குது. ஒருக்கா பாத்துருங்களேன்” என்றாள்.

ஹாலுக்கு மேலே போகிற பீம் அது. அதன் தலையில் பத்தாயிரம் லிட்டர் சிமெண்ட் தொட்டி. தொட்டியை நான் மறக்கவில்லை. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதை ஆள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெள்ளத்துரை டம்ளருக்குள் சிரித்தான். அவனுக்கு பீம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

“நீங்களே நல்லாப் போடுதீங்களே. ஒங்க கணக்கையே வச்சுக் கட்டிருவோம். பைலைக் குடுங்க, பிரிண்ட் எடுத்துத் தாரேன்” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அதைத் திறந்து பார்த்தேன். தவறு தேடித்தான் பார்த்தேன்; அதை மறைக்கவில்லை. தளத்தின் எடை சரி. சுவர் சரி. தொட்டியின் எடை, உள்ளே நிற்கிற தண்ணீர் பத்து டன், எல்லாம் சரி. ஏழாம் எண் பீமின் அடியில் இருபது எம்எம் கம்பி ஐந்து. நானும் அதைத்தான் போட்டிருப்பேன். குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது.

ஒவ்வொரு எடைக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். தொட்டிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். செய்தது அவ்வளவுதான். கம்பியை நான் குறைக்கவில்லை; சாப்ட்வேர்தான் குறைத்தது. இருபது எம்எம் ஐந்து, பன்னிரண்டு எம்எம் மூன்றாகிவிட்டது. தலைமேல் பத்து டன் இல்லை என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுகிற சாதனம். அதைத்தான் அவள் நம்பினாள். பீமின் அகலமும் உயரமும் அவள் கொடுத்தபடியே நின்றன. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

கம்பி கட்டிய வாரம் அவள் கடையநல்லூரில் தங்கை கல்யாணத்தில் இருந்தாள். வெள்ளத்துரை எனக்குப் போன் செய்தான்.

“அண்ணாச்சி, தொட்டிக்கு அடியில மூணு பன்னெண்டுதானா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“அந்தம்மா போட்ட கணக்குலே அது. அன்னைக்குச் சிரிச்சேல்லா? தாள்ல இருக்கபடி கட்டு” என்றேன். கட்டினான். அவனை இதில் இழுக்க வேண்டாம். அவனுக்குச் சொந்தமாக யோசனை கிடையாது.

தை மாதம் குடிவந்தார்கள். பத்தாம் நாள், ஹால் பீமில் விரிசல் தெரிகிறது என்று கூப்பிட்டாள். போனேன். ஆமினாள் சர்பத் கலந்து கொடுத்தார்கள். பீமின் நடுவில், அடியில் இருந்து மேல்நோக்கி ஒரு கோடு. என் நகம் உள்ளே போனது. தொட்டியில் அப்போது பாதிதான் தண்ணீர். அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கலாம். பீமைத் தாங்க அடியில் இரண்டு முட்டாவது கொடுத்திருக்கலாம். பூச்சு காய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, சிமெண்ட் தொட்டியைப் பாதியில் விடக் கூடாது, நிரப்பியே வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். கணக்கெல்லாம் போடுகிறவளுக்கு ஒரு விரிசலைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியிருக்கிறாள். ஆமினாள் மத்தியான லுஹர் தொழுகைக்கு ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். பக்கத்தில் குழந்தை படுத்து வரைந்துகொண்டிருந்தது. முபஷ்ஷிரா துணி காயப்போட வாசலுக்கு வந்திருந்தாள். இரண்டு உடல்களையும் வெளியே எடுக்க நாலு மணி ஆனது. எந்தப் பக்கம் உடைக்கலாம் என்று மீட்பு ஆட்களுக்கு நான்தான் சொன்னேன்.

விசாரணையில் யாரும் சிரமப்படவில்லை. தாளில் அவள் பெயர் இருந்தது. அவளும் தன் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். அவளுடைய லேப்டாப் இடிபாட்டுக்குள் நொறுங்கிப்போயிருந்தது. சித்தீக் இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்த பிறகுதான் சிக்கல். கணக்கை முடித்த அன்றே, பெருமையில் அந்த பைலைப் புருஷனுக்கும் மெயிலில் அனுப்பியிருக்கிறாள். அவனிடம் இருப்பதில் டிக் இருக்கிறது. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை. மேடம் கேட்டார்கள். எடுத்தது நான்தான், தெரிந்தேதான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று மேடத்திடம் இதுவரை சொல்லவில்லை. நாற்பதாம் நாள் கழிந்து முபஷ்ஷிரா என் ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“சார், நான் எங்கன தப்பு பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க” என்றாள்.

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி, அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினேன். தொட்டிக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினேன். அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“டிக் போட்டதா ஞாபகம் இருக்கு சார்.”

எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றேன்.

“அப்ப நான்தான்” என்றாள். “எம்பிள்ளைய நான்தான்.”

சாக்குச் சொல்லவில்லை. அடுத்தவர்மேல் பழி போடவில்லை. தன் தவறை அப்படி நேருக்கு நேராக ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்? அன்றைக்குத்தான் அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை வந்தது.