பிரஷரும் நார்த்தங்காய் ஊறுகாயும்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஒருவர் மகளை மற்றவர் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எனக்குப் பிரஷர் ஏறுறதே உங்களாலதான், சம்பந்தியம்மா," என்றார் பெண்ணைப் பெற்றவர், சிரித்துக்கொண்டே.

"ஐயோ, நான் இன்னா பண்ணேன்?"

"நார்த்தங்கா ஊறுகா குடுத்தனுப்புறீங்களே! ருசியில ஒரே வாரத்துல காலி பண்ணிடறேன். நர்ஸம்மா உப்ப கம்மி பண்ணச் சொல்லித் திட்டுறாங்க."

"சரி, இனிமே அனுப்பல."

"அது கெடக்கட்டும், உங்களுக்கு இன்னா சொன்னாங்க?"

"ஜாஸ்தியாயிடுச்சாம். தலவலி ஒண்ணும் இல்லியேன்னு மாத்திரைய நிறுத்திட்டேன்."

சிரிப்பு நின்றது.

"தலவலி இல்லன்னா பிரஷர் இல்லன்னு ஆயிடுமா? வெளிய தெரியாமலே ஏறிக்கினு இருக்கும்னு நர்ஸம்மா சொல்லலியா? இன்னிக்கி மாத்திரய போட்டீங்களா?"

"வூட்டுக்குப் போயி..."

"இப்பவே போடுங்க."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா மாத்திரையை விழுங்கினார்.

"இனிமே தெனம் காலையில போன் பண்ணுவேன். நீங்க முழுங்குற சத்தம் கேட்டப்புறம்தான் வெப்பேன்."