மூன்று குரல் பெட்டி

மாமா: என் கம்ப்யூட்டர் போட்ட தாளத்துக்கு உன் அக்கா நேத்து ஓடினா மச்சான். நடை இல்ல, ஓட்டம்! பின்னாடி வந்த பஸ் ஆரன் அடிச்சு வழி கேட்டுச்சு.

மச்சான்: கூடத்துக்குள்ள பஸ் எப்படி வந்துச்சு மாமா?

மாமா: பஸ் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஓடினது நிஜம்.

மச்சான்: வாதம் வந்து ஏழு மாசமா இடது காலைத் தூக்கி வைக்க முடியாதவ ஓடினாளாம்... சரி, இந்த டேப்போட நுனியைப் பிடிங்க.

மாமா: எதுக்கு?

மச்சான்: அளக்கத்தான். தச்சன் டேப்போட வந்தா வேற எதுக்கு வருவான்?

மாமா: ஓஹோ... என் மகள் போன் பண்ணிட்டாளா? திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சக்கர நாற்காலி குடுத்துடுவாங்க, வாசலை உடைச்சு அகலம் பண்ணுங்க மாமானு?

மச்சான்: பண்ணினா.

மாமா: அப்ப நான் நுனியைப் பிடிக்க மாட்டேன்.

மச்சான்: மாமா, அடம் பிடிக்காதீங்க.

மாமா: அந்த நாற்காலியில ஒரு தடவை உட்கார்ந்துட்டா அவ எழுந்திரிக்கவே மாட்டா. எனக்குத் தெரியும். கால் மறந்துடும். இன்னும் ரெண்டே ரெண்டு வாரம் குடுடா... அவளை அந்த வாசல் வழியா நானே நடத்திக் கூட்டிட்டுப் போறேன்.

மச்சான்: எதை வச்சு? இதை வச்சா? இஸ்திரி மேசை மேல கம்ப்யூட்டர், ஸ்டூல் மேல டிவி, மாவு டப்பா மேல டேப் ரெக்கார்டர். பார்த்தா காயலான் கடை மாதிரி இருக்கு.

மாமா: மெதுவாப் பேசு, அதுக்குக் கேட்கும்.

மச்சான்: கேட்குமா!

மாமா: உன் போன்ல இருக்கற மெமரியில ஒரு துளிகூட அதுக்குக் கிடையாது. ஆனா மனசு இருக்கு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், டிவிதான் அதுக்குத் திரை, அடிச்சு வச்ச பாட்டெல்லாம் கேசட்ல இருக்கும், அதைப் போடணும். 'கீஈஈஈ'னு நாலு நிமிஷம் கத்தும். பொறுமையா இருந்தா அப்புறம் பாடும். ஒரே நேரத்துல மூணு குரல்!

மச்சான்: மூணுதானா?

மாமா: உனக்கு ஒண்ணே உருப்படியா இல்ல.

மச்சான்: இருபது வருஷமா பரண்ல கிடந்தது. எடைக்குப் போடுங்கனு எத்தனை தடவை சொன்னேன்...

மாமா: நீ சொல்லி நான் கேட்காததுதான் என் வாழ்க்கையிலயே நான் பண்ண நல்ல காரியம். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைடா இது. திறந்து பார்த்தா உள்ள நாலாயிரம் ஒயர் விட்டுப்போயிருந்துச்சு.

மச்சான்: மாமா...

மாமா: நாலு. ஈயம் உருக்கிப் பத்தவச்சேன். டிவியில நீலமா வெளிச்சம் வந்துச்சு. அன்னிக்கு நான் அழுத அழுகையில...

மச்சான்: வீட்டுக்குள்ள வெள்ளம்.

மாமா: பாத்ரூம்ல இருந்த வாளியே மிதந்துச்சு!

மச்சான்: சரி, கொஞ்சம் நகருங்க. ஜன்னல்ல இருந்து சுவர் வரைக்கும்... நாலடி ரெண்டு அங்குலம்.

மாமா: வாசல் அந்தப் பக்கம்.

மச்சான்: தெரியும். நீங்க கதையைச் சொல்லுங்க.

மாமா: கதை இல்ல. பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு இருக்குல்ல, அதுதான் சொல்லுச்சு, தாளம் கேட்டா சிலருக்குக் கால் தானா எழும்பும்னு. ரேடியோவுல பாட்டு வச்சேன். இவ காலைத் தூக்கறதுக்குள்ள அங்க பல்லவியே முடிஞ்சுடுது. சரி, கடையில வாங்கற சட்டை சேரலைன்னா அளவெடுத்துத் தைக்கறதில்லையா? அவ காலுக்குனே ஒரு பாட்டைத் தைப்போம்னு உட்கார்ந்தேன்.

மச்சான்: அதுதான் தெருவே கேட்டுச்சே. பக்கத்து வீட்டுக்காரர் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சார்.

மாமா: மூணு குரல்லயும் மூணு மெட்டு! ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்க, நடுவுல ஒண்ணு உருள... உலகமே எழுந்து கை தட்டியிருக்கும். உன் அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'வீட்டுக்குள்ள குளவி புகுந்துடுச்சா?'னு கேட்டா.

மச்சான்: ஹா... அக்காதான் அக்கா!

மாமா: சிரி, சிரி. மறுநாள் எல்லாத்தையும் திரும்ப டைப் அடிச்சேன். கண்ணாடி போடாம. ரெண்டு குரலுக்கு எவ்வளவு சத்தம்ங்கற இடத்துல பூஜ்யம் போட்டுட்டேன். ஓட விட்டா மெட்டெல்லாம் ஊமை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குரல். டக்... டக்... டக்... தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

மச்சான்: அப்புறம்?

மாமா: பின்னாடி ஏதோ தேய்ஞ்ச சத்தம். திரும்பிப் பார்க்கறேன்... உன் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நிக்கறா. டக்னா இடது கால். டக்னா வலது கால். மூணு அடி வச்சுட்டு, 'இது நல்லா இருக்கு, இதைக் கெடுத்துடாதீங்க கிழவரே'ங்கறா.

மச்சான்: கிழவரேன்னா?

மாமா: அதுல நான் ஒரு சொல்லுகூடக் கூட்டலடா. படுத்ததுல இருந்து அவ என்னைக் கிழவரேனு கூப்பிட்டதே இல்ல. அன்னிக்குத்தான் கூப்பிட்டா. இந்தப் பெட்டிக்கு முன்னாடி கீழ விழுந்து கும்பிட்டேன். சிரிக்கறதுனா சிரி.

மச்சான்: சிரிக்கல. டிவி உயரம் என்ன... ஒண்ணே முக்கால் அடி.

மாமா: வேகத்துக்கு அதுல ஒரு நம்பர் இருக்கு. நம்பர் குறைஞ்சா வேகம் கூடும். நூத்தி இருபதுல ஆரம்பிச்சேன். ஒரு நாளைக்கு ஒண்ணு குறைப்பேன், அவளுக்குத் தெரியாம. இப்ப தொண்ணூத்தி ஆறு.

மச்சான்: இப்ப எத்தனை அடி வைக்கறா? உண்மையைச் சொல்லுங்க.

மாமா: முன்னூறு.

மச்சான்: மாமா.

மாமா: முப்பது.

மச்சான்: என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க.

மாமா: ...பதினொண்ணு. நாற்காலியில இருந்து டிவி வரைக்கும். மகள்கிட்ட சொன்னா, 'அப்பா, இதுவும் பஸ் கதையா?'ங்கறா. இத்தனை வருஷமா புளுகினதுக்கு இப்ப தண்டனை, உண்மையைச் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல. நீயாவது நம்புடா. அந்த வாசலைத் தொடாதே.

மச்சான்: நான் எங்க வாசலைத் தொட்டேன்?

மாமா: அதானே... சக்கர நாற்காலிக்கு டிவி உயரம் எதுக்கு?

அக்கா: டேய் தம்பி! அளந்து முடிச்சிட்டியா?

மச்சான்: ஆச்சுக்கா! நீ படு!

மாமா: இரு... உள்ள படுத்திருக்கறவளுக்கு நீ அளக்க வந்தது எப்படித் தெரியும்?

மச்சான்: சொல்லக்கூடாதுனு சத்தியம் வாங்கியிருக்கா மாமா.

மாமா: யார்கிட்ட? எப்போ?

மச்சான்: நேத்து காலையில நீங்க கேசட் தேடிக் கடைத்தெருவுக்குப் போனீங்கல்ல? நான் பட்டறையில பலகை இழைச்சுக்கிட்டிருந்தேன். வாசல்ல நிழல் தட்டுச்சு. அக்கா நிக்கறா. ஒரு கையில குச்சி. வாயாலயே டக்... டக்...னு சொல்லிக்கிட்டு.

மாமா: பொய்.

மச்சான்: நீங்க வெளிய போற நேரமெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கா. உங்க முன்னாடி மட்டும்தான் பதினோரு அடி.

மாமா: என்னைவிடப் பெரிய புளுகனா ஆயிட்டியே! வாசப்படி இருக்கு, தெருமுனை இருக்கு, நடுவுல சாக்கடை மூடி துருத்திக்கிட்டு நிக்குது...

மச்சான்: சுத்தி வந்திருக்கா.

மாமா: உன் பட்டறைக்கு அவ எதுக்குடா வரணும்?

மச்சான்: மேசை ஒண்ணு செய்யச் சொல்ல. ஜன்னலோரமா, பெட்டி, டிவி, டேப் ரெக்கார்டர் எல்லாம் உட்கார்ற மாதிரி. 'என் காலுக்காக முதுகு வளைச்சு டைப் அடிக்கறார்டா, அவருக்குனு நான் ஒண்ணு செய்யணும்'னா. ஏன் நேர்ல சொல்லக் கூடாதுன்னு கேட்டேன். 'வாயால நன்றி சொன்னா, நான் கால்ல விழுந்து அழுதேன்னு ஊரெல்லாம் சொல்லிடுவார்'னா.

மாமா: ...சொல்வேன்தான்.

மச்சான்: திங்கக்கிழமை அவளே டாக்டர் அறைக்குள்ள நடந்து போய், நாற்காலி வேண்டாம்னு சொல்லப்போறா. அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியக்கூடாதாம்.

மாமா: மச்சான்... நிஜமா உன் கண்ணால பார்த்தியா? என்னால நம்ப முடியலடா. விளையாடாதே.

மச்சான்: நானும் நம்பலதான் மாமா. அவளைக் கொண்டாந்து விட்டுட்டு, உங்க வாசப்படியில இருந்து என் பட்டறை வரைக்கும் தரையில டேப்பை வச்சு வச்சு அளந்தேன். போற வர்றவனெல்லாம் சிரிச்சான். நானூத்திப் பதினேழு அடி. நடந்துதான் வந்தா.