மாமியின் கையில் மட்டும் வேண்டாம்

— சுபஹு தொழுகைக்கு எழும்புவன். தேத்தண்ணி ஊத்துவன். ஷேர்ட்ட அயன் பண்ணுவன். கிண்ணியாவுல பஸ் எடுத்து ஹார்பர் ஒபிசுக்கு வந்திருவன். அவ்வளவுதான் மிஸ்.

— பிள்ளை உங்களிட்டை வந்தா அந்த விடியக்காலமை எப்பிடி இருக்கும், இன்பாஸ்? கோர்ட்டில அதைத்தான் கேப்பினம்.

— எண்ட உம்மா பார்த்துக்குவா.

— இப்ப உங்கட மனிசியின்ர உம்மா பாக்கிறா. நப்லா பிறந்தது தொட்டு அந்த வீட்டிலதான். அதை ஏன் மாத்தவேணும்?

— மாமிதான் எண்ட மனிசி ஷிஃபானாவ மௌத்தாக்கினவ. சாக விட்டவ. அத எழுதுங்க.

— பொறுங்கோ. நாங்கள் இங்க குடுக்கிறது இலவச சட்ட உதவி. இலவசப் பழிவாங்கல் இல்லை.

— எனக்குத் தராட்டி நப்லாவ சிறுவர் இல்லத்துல விடட்டும். மாமிட கையில மட்டும் வேணாம்.

— சொந்தப் பிள்ளையையோ?

— மையத்து அடக்கின கையோட எண்ட உடுப்பு பேக்க கேற்றடியில வெச்சா. மகள் இல்லாத வீட்டுல மருமகனுக்கு என்ன வேலையெண்டு ஆளிட்டச் சொல்லி அனுப்பினா. நப்லா ஜன்னலால பார்த்துக்கொண்டு நிண்டிச்சு. மாமியும் அப்பிடி நிண்டு பார்க்கோணும். பிள்ளைய இல்லத்து வேனில ஏத்தக்குள்ள.

— சீதன வீடு பொம்பிளைப் பக்கத்துக்குத்தான். எங்கட ஆக்களிலயும் அப்பிடித்தான். சரி, ஷிஃபானா சாகிறதுக்கு அவ என்ன செய்தவ?

— ஒண்டும் செய்யல்ல. அதுதான் குத்தம். ஷிஃபானா அண்டைக்கு விடியத் தொட்டு காய்ச்சலோட கிடந்தா. டெங்கு எண்டு பிறகுதான் சொன்னாங்க. பின்னேரம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. மாமி அதே வீட்டுல இருந்தவ.

— நீங்கள்?

— நானும் நிண்டன். லீவு நாள். எனக்கு விளங்கல்ல. ஆறு பிள்ளை பெத்தவவுக்கு விளங்கோணும்.

— அவ அறைக்குள்ள வந்து பாத்தவவோ?

— வரல்ல.

— ஏன்?

— மருமகன் வீட்டுல நிண்டா மாமி முன்பக்கம் வரமாட்டா. குசினியோட சேர்ந்த அறையிலதான் இருப்பா. கதவுக்கு அங்கால நிண்டுதான் கதைப்பா. எங்கட வழக்கம் அது.

— அப்ப மகளுக்குக் காய்ச்சல் எண்டு அவவுக்குத் தெரியுமோ?

— தாய்க்குத் தெரியாம இருக்குமா?

— நினைச்சதைச் சத்தியக்கடதாசியில எழுத ஏலாது, இன்பாஸ். மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி முதல் இதைத்தான் பிடிப்பார். பொய்யெண்டு வந்தா, பிறகு பிள்ளையை நீங்கள் கனவிலதான் காணலாம்.

— பொய் சொல்லல்ல.

— அப்ப ஷிஃபானா கடைசியாச் சொன்னதைச் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் மாத்தாமல்.

— ஆட்டோவுல பேச்சு மூச்சு இல்ல. கதைச்சது வீட்டுலதான்.

— ஓம். வீட்டில.

— பகல் சாப்பாட்டு நேரம். உம்மா ஏன் சாப்பிட வரல்லெண்டு மாமி குசினியில நிண்டு நப்லாட்டக் கேட்டா. ஷிஃபானாவுக்கு அது கேட்டிச்சு. எண்ட கையப் பிடிச்சா.

— பிடிச்சு?

— எழுதுவீங்களா மிஸ்?

— நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதுவன்.

— "காய்ச்சலெண்டா உம்மா பயந்திருவா. நான் நித்திரையெண்டு சொல்லுங்க."