லேப்டாப்புக்குத் தார்ப்பாய்

"லோடே ஏத்தலீங்க, அதுக்குள்ள எஞ்சின் சூடாகி நின்னு போகுது."

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் இப்படிச் சொன்னார். அவர் மடியில் இருந்தது மகளின் லேப்டாப்.

"எப்பங்க நின்னுச்சு?"

"புள்ளைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூங்க. பேரச் சொல்றதுக்குள்ள அணைஞ்சு போச்சு. நாளைக்கு மறுபடியும் கூப்பிடறாங்களாமா."

"பேட்டரி?"

"புதுசு மாத்தியாச்சுங்க."

"அடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கும். திருப்புங்க பாக்கலாம்."

திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கக் கெட்டித் துணி இழுத்துப் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது.

"ஏனுங்க, இது என்னங்க?"

"தார்ப்பாய்ங்க. நம்ம லாரிக்குத் தெக்கறவருகிட்டயே அளவு குடுத்துத் தெச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது."

"காத்தும் போவாதுங்களே! அதான் சூடாகி அணையுது. அவுத்துடுங்க."

லாரிக்காரர் முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"புள்ள ஊட்டுக்குள்ளதானுங்க உக்காந்து பேசுது?"

"ஆமாங்க."

"அப்பறம் தார்ப்பாய் எதுக்குங்க?"

லாரிக்காரர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். மருந்துக்குக்கூட மேகமில்லை.

"சரிங்க, அவுத்துடறேன். ஆனா நாளைக்குச் சரக்கு நனைஞ்சா நீங்கதான் பொறுப்பு."